ஃபேகல்டி அட்வைசர் – கடிதம்

அன்புள்ள சார்,

அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த ஒரு பொறியியல் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். துறையின் ஃபேகல்டி அட்வைசர்களை, அதாவது மாணவர்களுக்குப் படிப்பில் வழிகாட்டும் ஆசிரியர்களை, ஒருங்கிணைக்கும் பொறுப்பு இந்த வருடம் என் தலையில். ஆளுக்கு 20 மாணவர்கள், மாதம் ஒரு மீட்டிங், அதற்கொரு படிவம். கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வரும்போது எல்லாப் படிவத்திலும் ஒரே நாளில் கையெழுத்து விழுகிறது. இதை உருப்படியாக நடத்த வழி உண்டா?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்த மாதாந்திர மீட்டிங்கை நிறுத்தப் பாருங்கள். இருபது பேரை ஒன்றாக உட்காரவைத்து "ஏதாவது பிரச்னையா?" என்றால் யார் வாயைத் திறப்பார்கள்? முதல் இன்டர்னல் மார்க் வந்த வாரமும், எலெக்டிவ் எனும் விருப்பப் பாடம் எடுப்பதற்கு முந்தைய வாரமும் போதும். ஆளுக்குப் பத்து நிமிடம், தனியாக. ஒரு சுற்றுக்கு மூன்றரை மணி நேரம்கூட ஆகாது.

வருகைப்பதிவையும் அப்போதே பார்த்துவிடலாம். 75 சதவீதம் வேண்டும். உடம்பு சரியில்லை என்றால் 65 வரை சலுகை கேட்கலாம். செமஸ்டர் முடிவில் வருகை குறைந்தவர்கள் லிஸ்ட் ஒட்டியபிறகு பேசி என்ன பயன்?

2021 முதல் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பொறியியலுக்கு வருகிறார்கள். பலருக்கு வீட்டில் முதல் பட்டதாரியே அவர்கள்தான். கிரெடிட் எப்படிச் சேர்கிறது, அரியர் விழுந்தால் அடுத்து என்ன என்று சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. வகுப்பில் பேசாமல் இருப்பதால் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கணக்கில் அரியர் வைத்தவனிடம் "ஏன் படிக்கல?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். எந்த யூனிட்டில் விட்டது, கணக்கு வரவில்லையா, கேள்வியின் இங்கிலீஷ் புரியவில்லையா என்று கேளுங்கள். அப்போது பதில் வரும்.

இன்னொன்று, இதற்குத் துறைத்தலைவரான ஹெச்.ஓ.டி.யிடம் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். படிப்பு முடியும்வரை ஒரே ஆசிரியர்தான் அட்வைசர் என்று பல்கலைக்கழக விதியே சொல்கிறது. ஆனால் டைம்டேபிள் வசதிக்காக வருடாவருடம் ஆளை மாற்றுகிற துறைகள் நிறைய. மாற்றினால் அந்தப் பையன் தன் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். பெரும்பாலும் சொல்ல மாட்டான். படிவத்தை எப்படியும் நிரப்பிக்கொள்ளலாம், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்புறம், "அப்பாவைக் கூட்டிட்டு வா" என்பதை எடுத்த எடுப்பில் சொல்ல வேண்டாம் என்று உங்கள் ஆசிரியர்களிடம் சொல்லிவையுங்கள். கூலிக்குப் போகிறவருக்கு அது ஒரு நாள் சம்பளம். அவர் வந்து கைகட்டி நின்றுவிட்டுப் போனபிறகு பையன் உங்களிடம் எதையும் சொல்லப்போவதில்லை.