ஹெஃபல்ஃபிங்கரின் 500 டாலர் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கால்பந்தில் முதன்முதலில் பணம் வாங்கி ஆடியவர் பட்ஜ் ஹெஃபல்ஃபிங்கர் என்று எழுதியிருந்தீர்கள். அவர் ‘கார்டு’ (guard) இடத்தில் ஆடியவராம். பந்தைத் தொடாமல் ஆளைத் தள்ளிக்கொண்டு நிற்பவருக்கு 500 டாலர் எதற்கு?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நல்ல கேள்வி. கார்டு என்பவர் பந்தைப் பின்னால் தரும் சென்டருக்குப் பக்கத்தில் நிற்பவர். எதிரே இருப்பவரை நின்ற இடத்திலேயே மறிப்பதுதான் அவர் வேலை. ஹெஃபல்ஃபிங்கர் யேல் பல்கலைக்கழகத்துக்கு 1888 முதல் 1891 வரை அந்த இடத்தில்தான் ஆடினார். ஆனால் நின்ற இடத்தில் நிற்கவில்லை.

அப்போது பந்தை முன்னோக்கி எறிய அனுமதி கிடையாது. அது 1906இல்தான் வந்தது. மூன்று முயற்சிக்குள் ஐந்து கஜம் கடந்தாக வேண்டும். ஆகவே பந்தோடு ஓடுபவருக்கு முன்னால் வழி திறப்பவர்தான் ஆட்டமே. ஹெஃபல்ஃபிங்கர் வரிசையை விட்டு விலகி, பக்கவாட்டில் ஓடி, அந்த ஓட்டக்காரருக்கு முன்னே போனார். இன்றும் கார்டுகள் பல சமயம் இப்படி ஓடுகிறார்கள்.

பார்க்க எளிது, செய்யக் கடினம். முதல் எட்டைப் பின்வாங்கி, ஓட வேண்டிய பக்கமாக வைக்க வேண்டும். முன்னால் வைத்தால் சென்டரின் காலில் இடறும். அதிகம் பின்வாங்கினால் ஓட்டக்காரரின் பாதையிலேயே குறுக்கே நிற்க நேரும். விட்டுவந்த இடைவெளியைப் பக்கத்தில் இருப்பவர் அடைக்காவிட்டால் எதிரி அதன் வழியே புகுந்து பின்னாலிருந்து பிடித்துவிடுவார். எல்லாவற்றுக்கும் மேல், ஓட்டக்காரரைவிட மெதுவாக ஓடினால் பயனே இல்லை. ஆறடி மூன்று அங்குலம், ஏறத்தாழ 200 பவுண்டு உடம்போடு அந்த வேகம் வாய்த்ததுதான் அவருடைய அருமை. 1888இல் யேல் 13 ஆட்டங்களில் 698 புள்ளி எடுத்தது. எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது பூஜ்யம். 1889, 1890, 1891 மூன்று ஆண்டுகளிலும், நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்கள் பட்டியலான அனைத்து அமெரிக்க அணியில் அவர் பெயர் இருந்தது.

பந்தைத் தொடாதவர் என்கிறீர்களே, அந்த 500 டாலர் ஆட்டத்தில் தொட்டார். 1892 நவம்பர் 12, பிட்ஸ்பர்க். அலிகெனி அத்லெடிக் அசோசியேஷன் என்ற கிளப்புக்காக ஆடி, எதிரணி நழுவவிட்ட பந்தை எடுத்துக்கொண்டு எதிரணியின் எல்லைக்கோடு வரை ஓடி டச் டவுன் அடித்தார். அன்றைய விதிப்படி அதற்கு 4 புள்ளி. முடிவு 4–0.

பிறகு கலிஃபோர்னியா, லீஹை, மினசோட்டா கல்லூரி அணிகளுக்குத் தலா ஓராண்டு பயிற்சியாளராக இருந்தார். 1954இல் மறைந்தார். அலிகெனி கிளப்பின் கணக்கேட்டில் அந்த 500 டாலர் கொடுத்த குறிப்பு கண்ணில் பட்டது அதற்குப் பிறகுதான்.