‘கரீபியனின் பாரிஸ்’ என்று பெயர் வாங்கிய சென் பியேர் இன்று ஏன் ஒரு சின்ன ஊர்?

ஒரே வரியில் சொன்னால், பெலே எரிமலை. ஆனால் கதை அதற்கு முன்பே தொடங்குகிறது.

சென் பியேர், பிரான்சின் மர்த்தினிக் தீவில் வடமேற்குக் கரையில் இருக்கிறது. 1635இல் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறிய இடம். பின்னால் மலை, முன்னால் சட்டென்று ஆழமாகும் கடல். சர்க்கரையும் ரம்மும் ஏற்றக் கப்பல்கள் கரைக்குப் பக்கத்திலேயே நங்கூரமிட்டன. ஆனால் புயலுக்கு ஒதுங்க இடமில்லாத திறந்த கரை அது. அதனால் ஆட்சியும் கடற்படையும் தெற்கே ஃபோர்-த-பிரான்ஸ் விரிகுடாவுக்குப் போய்விட்டன; பணமும் நாடகக் கொட்டகையும் இங்கேயே தங்கின. நமக்கும் ஒரு தொடர்பு உண்டு: 1853இல் ஒப்பந்தக் கூலிகளோடு புதுச்சேரிப் பக்கமிருந்து வந்த முதல் கப்பல் கரைசேர்ந்தது இங்கேதான்.

1902 மே 8, காலை எட்டு மணி. பெலே வெடித்தது. வந்தது நெருப்புக் குழம்பு இல்லை, பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கலந்த மேகம், ஓரிரு நிமிடத்தில் ஊரை மூடியது. சுமார் 28,000 பேர் இறந்தார்கள். தப்பிய ஓரிருவரில் ஒருவர் சிபாரிஸ், சிறைக் கைதி. தடித்த கல்சுவரும் சின்னத் திறப்பும் உள்ள அறைதான் அவரைக் காப்பாற்றியது. அப்புறம் அமெரிக்க சர்க்கஸில் காட்சிப் பொருளானார்.

அந்த அறை இன்றும் நிற்கிறது. அன்று மூழ்கிய கப்பல்களைப் பார்க்க முக்குளிப்பவர்கள் வருகிறார்கள். துறைமுக வணிகம் மட்டும் திரும்பவில்லை. இப்போது சுமார் 4,000 பேர்தான் வசிக்கிறார்கள்.