சமீபத்தில் நீங்கள் பார்த்த படங்களில் உங்களை மிகவும் பாதித்தது எது, ஏன்?

2024-ஆம் ஆண்டு வெளியாகி, அப்போது திரையரங்கில் பார்க்கத் தவறிய மூன்று தமிழ்ப் படங்களைச் சென்ற மாதம் வீட்டில் அம்மாவுடன் அமர்ந்து பார்த்தேன்: பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி', மாரி செல்வராஜின் 'வாழை', சி. பிரேம்குமாரின் 'மெய்யழகன்'. மூன்றுமே நல்ல படங்கள். ஆனாலும் உங்கள் கேள்விக்கு என் பதில் 'கொட்டுக்காளி' என்பதுதான். பார்த்து மூன்று வாரங்களாகியும் அந்தப் படத்தின் சத்தங்கள் என் காதை விட்டுப் போகவில்லை. சத்தங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தப் படத்தில் பின்னணி இசையே கிடையாது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரை வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் மீனா என்ற பெண் வேறு சாதி இளைஞனை விரும்புகிறாள். அவளைக் கட்டிக்கொள்ள இருக்கும் முறைக்காரன் பாண்டியும் வீட்டாரும், அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டி, ஒரு ஷேர் ஆட்டோவிலும் சில இருசக்கர வண்டிகளிலுமாக அவளைப் பேயோட்டுபவரிடம் அழைத்துச் செல்கிறார்கள். அந்த ஒரு நாள் பயணம்தான் படம். மீனாவாக அன்னா பென்னும் பாண்டியாகச் சூரியும் நடித்திருக்கிறார்கள். மீனா அநேகமாகப் பேசுவதே இல்லை. பாண்டிக்கோ தொண்டை கட்டிக்கொண்டு, கழுத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு, கிழிந்த குரலில்தான் பேச வருகிறது. பேச மறுக்கும் பெண்ணையும், குரல் போயும் அதட்டுவதை நிறுத்தாத ஆணையும் எதிரெதிரே உட்கார வைத்த அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நகைச்சுவை நடிகராகப் பல ஆண்டுகள் பார்த்துப் பழகிய சூரியை இதில் கண்டு நான் உண்மையாகவே பயந்தேன்.

ஓர் இடத்தில் ஒலிபெருக்கியில் ஒலிக்கும் சினிமாப் பாட்டை மீனா தன்னை மறந்து மெல்ல முணுமுணுக்கிறாள். அவ்வளவுதான் அவள் செய்தது. பாண்டி வண்டியை விட்டு வந்து அவளை அடிக்கிறான். தடுக்க வருகிறவர்களையும் விட்டுவைக்காமல் அடிக்கிறான். வேறு படமாக இருந்தால் அந்த இடத்தில் வயலின் அழுதிருக்கும், பார்க்கிற நாமும் அழுது ஆறியிருப்போம். இங்கே அடி விழும் சத்தமும் அலறலும் மட்டுமே கேட்பதால், தெருவில் நடப்பதைத் தடுக்க முடியாமல் நிற்கும் ஆளைப் போல நானும் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். இன்னோர் இடத்தில் காளை ஒன்று வழியை மறித்து நிற்கிறது. மீனாவை அடக்கக் கிளம்பிய அத்தனை ஆண்களும் அதன் பக்கத்தில் போக அஞ்சித் தயங்கி நிற்க, எங்கிருந்தோ வரும் ஒரு சிறுமி அதைச் சர்வ சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போய்விடுகிறாள். இயக்குநர் இதற்கு எந்த விளக்கமும் தருவதில்லை. ஆட்டோவுக்குள்ளிருந்து மீனா பார்க்கிறாள், நாமும் பார்க்கிறோம்.

பலி கொடுப்பதற்காக ஒரு சேவலும் உடன் வருகிறது. காலில் கட்டிய கயிற்றோடு அது படம் நெடுக மீனாவின் அருகிலேயே இருக்கிறது. அதைப் பார்த்ததும் அம்மா படத்தை நிறுத்தச் சொன்னார். அம்மா பிறந்து வளர்ந்தது உசிலம்பட்டிக்குப் பக்கத்தில். எண்பதுகளின் தொடக்கத்தில் அவருடைய பெரியம்மா மகள் ஒருவரை இதே போலக் கோடாங்கியிடம் மாட்டு வண்டியில் கூட்டிப்போனார்களாம். அம்மாவுக்கு அப்போது பத்து வயது. "சேவல என் மடியிலதான் குடுத்தாங்க. அது துள்ளாம இருக்கணும்னு வழியெல்லாம் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே போனேன்" என்றார். நாற்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் யாரும் பேசாத விஷயம் அது. சிறிது நேரம் கழித்து அவரே ரிமோட்டை எடுத்துப் படத்தை மீண்டும் ஓடவிட்டார்.

இனிப் படத்தின் முடிவைப் பற்றிப் பேசப் போகிறேன், பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம். மீனாவுக்கு முன்னால் வேறொரு பெண்ணுக்குப் பேயோட்டுவதைப் பாண்டி நின்று பார்க்கிறான். பேயோட்டுகிறவரின் கைகள் அந்தப் பெண்ணின் உடலில் எங்கெல்லாம் படுகின்றன என்பதும் அவன் கண்ணில் படுகிறது. அடுத்து உள்ளே போக வேண்டியவள் மீனா என்ற நிலையில், பாண்டி என்ன செய்தான் என்பதைக் காட்டாமலே படம் முடிகிறது. என் நண்பர்கள் சிலர் இதை அரைகுறை முடிவு என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவன் மனம் மாறித் திரும்பினான் என்று காட்டியிருந்தால், மீனாவின் விடுதலை மறுபடியும் பாண்டியின் தயவாகவே ஆகியிருக்கும். எனக்குக் குறையாகப் பட்டது வேறு: முதல் பாதியில் வண்டிகளைப் பின்தொடரும் காட்சிகள் சில, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பிறகும் நீள்கின்றன.

'வாழை'யும் 'கொட்டுக்காளி' வந்த அதே ஆகஸ்ட் 23-ஆம் தேதி வெளியான படம்தான். இயக்குநரின் சிறுவயதில் அவருடைய ஊர்ப் பக்கம் நடந்த விபத்தை அடிப்படையாகக் கொண்டது. விடுமுறை நாளெல்லாம் தலையில் வாழைத்தார் சுமக்கும் சிறுவன் சிவனணைந்தான், பசி தாளாமல் ஒரு தோட்டத்தில் பழத்தைப் பறித்ததற்காக அடிபடுகிறான். அதைப் பார்த்தபின் அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவனும் அவன் நண்பனும் போடும் ரஜினி, கமல் சண்டைகளும் உயிரோட்டமாக வந்திருக்கின்றன. கடைசிப் பகுதியில் மட்டும் இசையைக் குறைத்திருக்கலாம் என்று தோன்றியது. சிறுவனின் தாயின் ஓலமே போதுமானதாக இருந்தது.

'மெய்யழகன்' பேச்சாலேயே ஆன படம். சொத்துத் தகராறில் வீட்டை இழந்து 1996-இல் தஞ்சாவூரை விட்டுப் போன அருள்மொழி, இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்துத் தங்கை முறையுள்ள பெண்ணின் திருமணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். அங்கே "அத்தான், அத்தான்" என்று ஒட்டிக்கொள்ளும் உறவுக்காரரின் பெயர் அவருக்கு நினைவுக்கு வராததுதான் கதை. அருள்மொழியாக வரும் அரவிந்த்சாமியும் அந்த உறவுக்காரராக வரும் கார்த்தியும் விடிய விடியப் பேசுகிறார்கள். ஆனால் என் நெஞ்சில் நின்றது அதிகம் பேச்சில்லாத இடம்: திருமண மேடையில் தங்கைக்காக வாங்கி வந்த நகைகளை அண்ணன் ஒவ்வொன்றாக அணிவிக்கும் காட்சி. படம் வெளியான சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடங்களைக் குறைத்தார்கள். நீளத்தை விட, கார்த்தியின் பாத்திரத்தில் ஒரு சிறு குறைகூட இல்லாததே எனக்கு நெருடலாக இருந்தது. கோபமோ பொறாமையோ ஒரு துளி இருந்திருந்தால் அந்த அன்பை இன்னும் அதிகமாக நம்பியிருப்பேன்.

நீங்கள் 'கொட்டுக்காளி' பார்ப்பதாக இருந்தால், தயவுசெய்து கைபேசியில் பார்க்காதீர்கள். மின்விசிறியின் இரைச்சல்கூட அதன் சத்தங்களில் பாதியை விழுங்கிவிடும். இரவில், அக்கம்பக்கம் அடங்கிய பிறகு, நல்ல ஹெட்போனோடு பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், ஹெட்போனை விட்டுவிட்டு அவர்களோடு சேர்ந்து பாருங்கள்.