சி++ லைப்ரரியில் பழைய கம்பைலர்களுக்கான ஆதரவை எப்போது, எப்படி நிறுத்துவது?

உங்கள் லைப்ரரி இன்னும் ஜிசிசி 4.8 (லினக்ஸில் வழக்கமான கம்பைலர்), விஷுவல் ஸ்டுடியோ 2013 (விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் கம்பைலர்) இரண்டிலும் பில்ட் ஆகிறது, இரண்டையும் விட்டுவிட்டு சி++17-க்கு, அதாவது மொழியின் 2017-ம் ஆண்டுத் தரத்துக்குப் போக ஆசை, ஆனால் பயனர்கள் கோபப்படுவார்களோ என்று தயக்கம் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக விட்டுவிடுங்கள். ஆனால் கம்பைலருக்கு எத்தனை வயதாகிறது என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். பயனரால் தன் பழைய மெஷினிலேயே புதிய கம்பைலரைப் போட்டுக்கொள்ள முடியுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஜிசிசி 4.8 வந்தது 2013-ல். அது இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கு முக்கியக் காரணம் ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7-ம், அதன் இலவச வடிவமான சென்ட்ஓஎஸ் 7-ம். இரண்டிலும் கூடவே வரும் கம்பைலர் 4.8.5. சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30 வரை நீடித்தது. "சர்வரில் ஓஎஸ்ஸை மாற்ற விடமாட்டார்கள்" என்று பயனர் சொன்னால் அது நியாயமான பேச்சு. ஆனால் ஓஎஸ்ஸை மாற்ற முடியாது என்பதால் கம்பைலரையும் மாற்ற முடியாது என்று ஆகிவிடாது. டெவ்டூல்செட் என்ற தொகுப்பை நிறுவினால் சென்ட்ஓஎஸ் 7-லேயே ஜிசிசி 11 கிடைக்கும். ஓஎஸ்ஸோடு வந்த ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் இல்லாத புதிய பகுதிகளை அது நம் பைனரிக்குள்ளேயே (பில்ட் ஆகிக் கிடைக்கும் ஃபைலுக்குள்ளேயே) சேர்த்துவிடும். அதனால் பில்ட் செய்த புரோகிராம், எதையும் கூடுதலாக நிறுவாத இன்னொரு சென்ட்ஓஎஸ் 7 மெஷினிலும் ஓடும்.

விண்டோஸில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. புதிய விஷுவல் ஸ்டுடியோவை பழையதின் பக்கத்திலேயே நிறுவிக்கொள்ளலாம், அதில் கஷ்டமில்லை. ஆனால் 2015 முதல் வந்த பதிப்புகள்தான் பைனரி அளவில் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். 2013 அந்த வரிசையில் சேராது. சோர்ஸ் இல்லாமல், விஷுவல் ஸ்டுடியோ 2013-ல் பில்ட் ஆன ஒரு சி++ லிப் ஃபைலை (கம்பைல் ஆன லைப்ரரியை) மட்டும் கையில் வைத்திருப்பவர் உண்மையிலேயே மாட்டிக்கொண்டவர். அதனால் பயனர் புகார் எழுதும் கிட்ஹப் இஷ்யூவில் "ஏன் இன்னும் 2013?" என்று கேட்காமல், "எந்த லைப்ரரி உங்களை அங்கே பிடித்து வைத்திருக்கிறது?" என்று கேளுங்கள். உருப்படியான பதில் கிடைக்கும்.

பழைய கம்பைலரை விட வேண்டும் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் புதிய வசதிகள் மீதான ஆசை இல்லை. எரர் வந்தால் சமாளித்துவிடலாம், எரரே வராமல் தப்பாக ஓடுவதுதான் பயம். ஜிசிசி 4.8-ல் ரெகெக்ஸ் (எழுத்துகளில் பேட்டர்ன் தேடும் வசதி) ஹெடர் இருக்கிறது. கோடு சுத்தமாக கம்பைல் ஆகும், லிங்க் ஆகும். ஓடும்போது சாதாரண பேட்டர்னுக்கே எக்ஸப்ஷன் எறியும், அல்லது தப்பாகப் பொருத்தும். உள்ளே வேலை முடிந்தது 4.9-ல்தான். விஷுவல் ஸ்டுடியோ 2013-ல் இதைவிட மோசமான ஒன்று உண்டு. ஃபங்ஷனுக்குள் அறிவிக்கும் ஸ்டாட்டிக் வேரியபிளை இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் முதன்முதலாகத் தொட்டால் பாதுகாப்பு இல்லை. அந்தப் பாதுகாப்பு வந்தது விஷுவல் ஸ்டுடியோ 2015-ல். சிங்கிள்டன் (புரோகிராம் முழுக்க ஒரே ஒரு ஆப்ஜெக்ட்) எழுதியவர்கள் எல்லாம் இந்தப் பாதுகாப்பு உண்டு என்ற சி++11 விதியை நம்பித்தான் எழுதியிருப்பார்கள். டெஸ்ட்டில் ஆயிரம் முறை சரியாக ஓடிவிட்டு, வாடிக்கையாளர் இடத்தில் ஒரு நாள் கிராஷ் ஆகும்.

இதைச் சோதிப்பதும் வர வரக் கடினமாகிவிட்டது. தானாக பில்ட் செய்து சோதிக்கும் கிட்ஹப் ஆக்ஷன்ஸ், தன் உள்வேலைக்கு நோட் 20 என்ற ஜாவாஸ்கிரிப்ட் இயக்கிக்கு மாறியபோது, அதற்கு ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) 2.28 தேவைப்பட்டது. சென்ட்ஓஎஸ் 7-ல் இருப்பது 2.17. சென்ட்ஓஎஸ் 7 கன்டெய்னரில் சோதித்தால், கோடை எடுத்து வரும் வழக்கமான செக்அவுட் படியே ஓடாது. நாம் ஓட்டிப் பார்க்காத ஒரு கம்பைலரின் பெயரை ரீட்மியில் போட்டு வைப்பது பயனருக்குச் செய்யும் உதவி ஆகாது.

சரி, எப்படி விடுவது? கூகுளின் சி++ டெஸ்ட் லைப்ரரியான கூகுள்டெஸ்ட் செய்ததைப் பாருங்கள். 1.12 வரிசைதான் சி++11-ஐ ஆதரிக்கும் கடைசி வரிசை என்று அந்த வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதினார்கள். 2023-ல் வந்த 1.13 சி++14 கேட்டது. அவர்கள் பதிப்பின் (1.13.0) நடு எண்ணைத்தான் ஏற்றினார்கள். நான் பராமரிக்கும் லைப்ரரியாக இருந்தால் முதல் எண்ணையே ஏற்றுவேன். பேக்கேஜ் மேனேஜர் தானாக அப்டேட் செய்து ஒருவருடைய பில்டை உடைக்கக் கூடாது என்பது என் பிடிவாதம். பழைய வரிசைக்குத் தனி பிராஞ்ச் வைத்து, ஒரு வருடமாவது பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் அதில் போடுங்கள். புதிய வசதி எதையும் அங்கே கொண்டுபோக வேண்டாம், யார் கேட்டாலும்.

அப்புறம், முதல் ஹெடர் ஃபைலின் மேலேயே கம்பைலர் பதிப்பைச் சோதித்து எரர் கொடுத்துவிடுங்கள். என்லோமன் ஜேசன் லைப்ரரி இப்படித்தான் ஆதரிக்காத ஜிசிசியை வாசலிலேயே நிறுத்தி, எந்தெந்த கம்பைலருக்கு ஆதரவு உண்டு என்ற பட்டியலின் முகவரியையும் அந்த எரரிலேயே காட்டுகிறது. இல்லாவிட்டால் பயனர் முன்னால் டெம்ப்ளேட் எரர் பக்கம் பக்கமாகக் கொட்டும், அதை அப்படியே காப்பி செய்து உங்கள் இஷ்யூவில் ஒட்டுவார். உங்கள் எரர் செய்தியில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: தேவையான குறைந்தபட்ச பதிப்பு, பழைய பிராஞ்சின் பெயர், டெவ்டூல்செட்டில் பில்ட் செய்யும் முறை எழுதியிருக்கும் பக்கம்.