‘நிர்வாகம் பொறுப்பல்ல’

கேள்வி: கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட் ஒன்றில் நீச்சல் குளத்தோரம் வழுக்கி விழுந்து என் மனைவிக்கு மணிக்கட்டு முறிந்தது. வழவழ டைல்ஸ். கேட்டால், ‘விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற பலகையைக் காட்டுகிறார்கள். (வேளச்சேரி வாசகர்)

பதில்: இந்தப் பலகையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சலவைக் கடை ரசீது முதல் பார்க்கிங் டோக்கன் வரை இதே பாட்டுதான். ஒரு பட்டு வேட்டியைச் சலவைக்குப் போட்டுத் தொலைத்தவன் நான். கடைக்காரர் ரசீதின் பின்பக்கத்தைக் காட்டியதும் வாயைப் பொத்திக்கொண்டு வந்துவிட்டேன். வந்திருக்கக் கூடாது. ஓட்டல் ஆளிடம் சாவி கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் திருடுபோன வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? டோக்கனில் ‘கார் உரிமையாளரே பொறுப்பு’ என்று அச்சடித்துவிட்டால் சொந்த அலட்சியத்துக்குப் பதில் சொல்லாமல் தப்ப முடியாது என்றது. குளத்துக்கும் அந்த நியாயம்தான். எந்நேரமும் ஈரமாகக் கிடக்கும் இடத்தில் வழுக்கும் டைல்ஸைப் பதித்தது யார், உங்கள் மனைவியா? அவர்கள் தரையை மாற்றுவதற்குள் படம் எடுங்கள். தங்கிய பில், எக்ஸ்ரே, மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் வைத்து நோட்டீஸ் அனுப்புங்கள். மசியாவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம்.

கேள்வி: ‘மூன்றரை அடி’ என்று எழுதியிருந்த பக்கம் தலைகீழாகக் குதித்தேன். நெற்றியில் ஆறு தையல். வழக்கு போடலாமா? (கோவை வாசகர்)

பதில்: படிக்கத் தெரியும்தானே? 1972-இல் டெல்லி ஓட்டல் ஒன்றில் டைவிங் பலகையிலிருந்து குதித்த ஜெர்மன் துணை விமானிக்கு அடித்தரையில் தலை மோதி உடம்பு முடங்கியது. பலகை வைத்தவர்கள் அதற்கேற்ற ஆழம் வைக்கவில்லை. 1997-இல் உயர் நீதிமன்ற நீதிபதி 50 லட்ச ரூபாய் தரச் சொன்னார். அதற்கு முன்பே மனிதர் இறந்துபோனார். அதைக் காட்டியே மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்தானது. அவரைக் குதிக்கச் சொன்னது அந்த டைவிங் பலகை. உங்களை?

கேள்வி: கைகளில் மாட்டும் காற்று மிதவை நம்பகமானதா?

பதில்: பொம்மை. நான் பேரனுக்கு வாங்கியது குளத்துக்குப் போகும் வழியிலேயே சூம்பிவிட்டது.

கேள்வி: கோடை நீச்சல் வகுப்பில் பயிற்சியாளர் போனில் பேசிக்கொண்டிருக்க, என் மகன் மூழ்கி இரண்டு நாள் ஐ.சி.யு.வில் கிடந்தான். ரசீது தரவில்லை, ஜிபே பதிவுதான் இருக்கிறது. (மதுரை வாசகர்)

பதில்: படித்ததும் மனசு பதறியது. பையன் தேறிவிட்டான்தானே? ஜிபே பதிவு போதும். பணம் கட்டியது நீங்கள், பயிற்சி பெற்றது அவன். சட்டப்படி இருவரும் நுகர்வோர். இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். கட்டிய தொகை 5 லட்சத்தைத் தாண்டாததால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. அதெல்லாம் அடுத்த வாரம் பார்க்கலாம். சிசிடிவி பதிவை அழிக்கக் கூடாது என்று இன்றைக்கே பதிவுத் தபாலில் எழுதுங்கள்.