ஆபத்தான இறக்குமதிச் சரக்கு: அபராதத்தைக் கூட்டினால் போதுமா?

1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்குப் பதிலாக மத்திய அரசு 2024-ல் ஒரு மசோதா வரைவைக் கருத்துக்கு விட்டது. அதில் உயர்த்தப்படும் அபராதம் துறைமுக ஆபத்தைக் குறைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் சரக்கு கிளியரன்ஸ் வேலை பார்க்கிறேன். என் பதில்: கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

பழைய சட்டப்படி, விதியை மீறி வெடிபொருள் இறக்குமதி செய்தால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வரைவில் அந்த அபராதம் 1 லட்சம். கூட்டட்டும், நல்லதுதான். ஆனால் ஒரு கன்டெய்னர் யார்டில் ஒரு மாதம் முடங்கினாலே யார்டு வாடகையும், கன்டெய்னரைத் தாமதமாகத் திருப்பித் தருவதற்குக் கப்பல் கம்பெனி வாங்கும் டிடென்ஷன் கட்டணமும் அதைத் தாண்டிவிடும்.

உண்மையான ஆபத்து, சரக்கைப் பிடித்த பிறகுதான் தொடங்குகிறது. 2015-ல் சென்னையில் சுங்கத்துறை 37 கன்டெய்னர்களில் சுமார் 740 டன் அம்மோனியம் நைட்ரேட்டைப் பறிமுதல் செய்தது. உரத் தரம் என்று காட்டி, வெடிபொருள் தரச் சரக்கை இறக்கியதாகக் குற்றச்சாட்டு. பிடித்தது சரியான வேலை. அப்புறம் வழக்கு நடந்தது, சரக்கு மணலியில் ஒரு சி.எஃப்.எஸ். (துறைமுகத்துக்கு வெளியே உள்ள கன்டெய்னர் நிலையம்) யார்டிலேயே கிடந்தது. அந்த ஆண்டு வெள்ளத்தில் ஒரு பகுதி வீணானது. மீதி சுமார் 697 டன். சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் உள்ள மணலியில் ஐந்து ஆண்டு!

2020 ஆகஸ்ட் 4-ல் லெபனானின் பெய்ரூட் துறைமுகம் வெடித்தது. அங்கேயும் இதே கதைதான். ஒரு கப்பலிலிருந்து இறக்கிய 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் 2014 முதல் கிடங்கில் இருந்தது. அதை அகற்றச் சொல்லி சுங்க அதிகாரிகள் நீதிமன்றத்துக்குத் திரும்பத் திரும்ப எழுதியும் நகரவில்லை. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு மணலிச் சரக்கு சில நாட்களிலேயே ஹைதராபாத்துக்குக் கிளம்பியது. அத்தனை வேகமாக நகர்த்த முடிந்ததை ஐந்து ஆண்டு நகர்த்தாமல் வைத்திருந்தோம் என்பதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

இதற்குச் சட்டமே இல்லை என்றும் சொல்ல முடியாது. சுங்கச் சட்டத்தின் 110(1ஏ) பிரிவின் கீழ் அறிவிக்கப்பட்ட ஆபத்தான பொருட்களைப் பட்டியலிட்டு, படம் எடுத்து, மாதிரி எடுத்து, மாஜிஸ்திரேட் சான்றோடு அப்புறப்படுத்தலாம். சாட்சியத்துக்கு அந்த மாதிரி போதும், மொத்தச் சரக்கும் யார்டில் இருக்கத் தேவையில்லை. 2021-ல் அம்மோனியம் நைட்ரேட் விதிகளைத் திருத்தி, பறிமுதல் சரக்கைச் சீக்கிரம் ஏலம் விடவும் வழி செய்தார்கள்.

அது ஒரே ஒரு பொருளுக்கான விதி. யார்டில் அமிலம் நிற்கிறது, பூச்சிமருந்து நிற்கிறது, பழைய பேட்டரி நிற்கிறது. விலை சரிந்தாலோ லேப் ரிப்போர்ட் பாதகமாக வந்தாலோ இறக்குமதியாளர் போனை எடுப்பதில்லை. கப்பல் கம்பெனி, யார்டு, சுங்கம் என்று கடிதங்கள் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சட்டம் எழுதுகிறவர்கள் இங்கேதான் கை வைக்க வேண்டும். பறிமுதல் செய்த நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் சரக்கு வெளியேற வேண்டும் என்று கெடு வேண்டும், அதற்குப் பொறுப்பான அதிகாரி பதவிப் பெயரோடு இருக்க வேண்டும். சரக்கை அழிக்கவோ திருப்பி அனுப்பவோ ஆகும் செலவுக்கு, பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் தரும் இறக்குமதி அறிக்கை) போடும்போதே இறக்குமதியாளரிடம் வங்கி உத்தரவாதம் வாங்கிவிட வேண்டும். ஆள் காணாமல் போனாலும் பணம் கையில் இருக்கும்.