மாஸ்டா கார் நிறுவனத்தின் வரலாறு என்ன? ஜப்பானில் அதற்கு எப்படிப்பட்ட பெயர்?

டொயோட்டா, ஹோண்டா அளவுக்கு மாஸ்டா ஏன் பெரிதாகவில்லை என்றும் கேள்வி கேட்டவர் சேர்த்துக் கேட்டிருக்கிறார். ஹிரோஷிமாவில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் நான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். அந்த ஊரில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் அப்பாவோ மாமனாரோ மாஸ்டாவில் வேலை பார்த்த கதை ஒன்று வரும். அதனால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் ஒன்று. மாஸ்டா நமக்குப் புதுப் பெயர் இல்லை. 1980களில் பஞ்சாபில் கூட்டு முயற்சியாகத் தொடங்கிய ஸ்வராஜ் மாஸ்டாவின் வேன்கள் நம் ஊர் ரோடுகளில் ஓடியிருக்கின்றன. நான் பள்ளிக்குப் போன வேனே அதுதான். முகப்பில் எழுதியிருந்த அந்தப் பெயரைத் தினமும் பார்த்து வளர்ந்துவிட்டு, அதே பெயரை ஹிரோஷிமா ஆலை வாசலில் பார்த்தபோது ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. சென்னைக்குப் பக்கத்தில் மறைமலைநகரில் ஃபோர்டு தயாரித்த முதல் எண்டெவரின் டீசல் எஞ்சினும் மாஸ்டா வடிவமைத்ததுதான். ஃபோர்டு எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மாஸ்டா ஆரம்பத்தில் செய்தது தக்கை. பாட்டில் மூடும் அதே தக்கைதான். முதல் உலகப் போரில் ஐரோப்பாவிலிருந்து தக்கை வருவது நின்றுபோனதால், ஜப்பானில் விளையும் ஒரு வகை ஓக் மரத்தின் பட்டையை வைத்துத் தக்கை செய்ய 1920 ஜனவரியில் ஹிரோஷிமாவில் 'தோயோ கார்க் கோக்யோ' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். போர் முடிந்து நல்ல தக்கை மறுபடி வரத் தொடங்கியதும் வியாபாரம் படுத்துவிட்டது. அடுத்த வருடமே ஜூஜிரோ மட்சுதா தலைவர் பொறுப்புக்கு வந்தார். மீனவக் குடும்பத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே ஒசாகா போய்க் கொல்லுப் பட்டறையில் தொழில் பழகியவர். இரும்பு வேலைதான் அவருக்குக் கைவந்த கலை. 1925இல் தக்கை ஆலை தீப்பிடித்து எரிந்தது. அவர் இயந்திரத் தொழிலுக்குத் திரும்பிவிட்டார். 1927இல் பெயரிலிருந்து 'கார்க்' போனது. 1931இல் மூன்று சக்கரச் சரக்கு வண்டி வந்தது. அதற்கு வைத்த பெயர்தான் மாஸ்டா. பாரசீகர்களின் அறிவுக் கடவுளான அஹுரா மஸ்தாவின் பெயர், கூடவே மட்சுதா என்ற குடும்பப் பெயரின் சாயல். இன்றைக்கும் ஜப்பானியர் வாயில் அது 'மட்சுதா'தான்.

இனி 1945 ஆகஸ்ட் 6. ஜூஜிரோவுக்கு அன்றுதான் 70 வயது நிறைந்தது. காலையில் நகருக்குள் போய் முடி வெட்டிக்கொண்டு, முதல் ஆளாக வேலை முடிந்து கிளம்பியதால் உயிர் பிழைத்தார் என்று அந்த ஊரில் சொல்வார்கள். அணுகுண்டு வெடித்த இடத்திலிருந்து ஆலை சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில் ஃபுச்சூவில் இருந்தது. நடுவில் ஹிஜியாமா என்ற குன்று. உயரம் ஒன்றும் பெரிதில்லை. நான் சாயங்காலத்தில் அதன் மேல் நடக்கப் போவேன், மூச்சு வாங்குவதற்குள் உச்சி வந்துவிடும். அந்தச் சின்னக் குன்று குறுக்கே நின்றதால் ஆலைக் கட்டடங்கள் தப்பின. நகரில் இருந்த ஆட்கள் பலர் தப்பவில்லை.

ஊரே சாம்பலான பிறகு நின்ற பெரிய கட்டடங்களில் அதுவும் ஒன்று. காயம்பட்டவர்களை அங்கே கொண்டுவந்தார்கள். மாகாண அரசின் அலுவலகமே ஏறக்குறைய ஒரு வருடம் அந்த ஆலைக்குள்தான் நடந்தது. அதே டிசம்பரில், நான்கே மாதத்தில், மூன்று சக்கர வண்டித் தயாரிப்பைத் திரும்பத் தொடங்கிவிட்டார்கள். நகரத்தைத் திரும்பக் கட்டச் சுமை இழுத்த வண்டிகள் அவை. ஆகஸ்ட் 6 காலை 8:15க்கு எங்கள் தொழிற்சாலையில் எல்லா இயந்திரத்தையும் நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் நிற்போம். முதல் வருடம் அந்த அமைதியில் நின்றபோதுதான், இந்த ஊர்க்காரர்கள் மாஸ்டாவைப் பற்றிப் பேசும்போது குரல் ஏன் மாறுகிறது என்று எனக்குப் புரிந்தது.

முதல் கார் வந்தது 1960இல். ஆர்360 கூபே, விலை 3 லட்சம் யென், எடை 380 கிலோதான். ஆனால் அப்போது ஜப்பான் அரசு வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. வெளிநாட்டுக் கார்களுக்குச் சந்தையைத் திறக்கும் நாள் வரும், அதற்குள் சின்ன நிறுவனங்களைப் பெரியவற்றோடு இணைத்து மூன்று தொகுதியாக்கிவிடலாம் என்பது தொழில்துறை அமைச்சகத்தின் எண்ணம். ஜூஜிரோவின் மகன் ட்சுனேஜி மட்சுதா அப்போது தலைவர். வேறு யாரிடமும் இல்லாத ஒன்று கையில் இருந்தால்தான் தனியாகப் பிழைக்க முடியும் என்று முடிவு செய்தார். 1961இல் ஜெர்மனியின் என்.எஸ்.யு. நிறுவனத்திடமிருந்து ஃபீலிக்ஸ் வாங்கெலின் ரோட்டரி எஞ்சினுக்கு உரிமம் வாங்கினார்.

ரோட்டரி எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் நான் ஆட்டுக்கல்லைத்தான் சொல்வேன். குழவி தானும் சுற்றும், குழிக்குள் ஓரத்தை ஒட்டியும் உருளும் இல்லையா, அதுபோல. குழவிக்குப் பதில் பக்கம் புடைத்த முக்கோணம், குழிக்குப் பதில் நிலக்கடலைத் தோடு மாதிரி நடுவில் லேசாக ஒடுங்கிய அறை. முக்கோணம் சுற்றச் சுற்ற, சுவருக்கும் அதற்கும் இடையிலுள்ள இடம் பெரிதாகும், சுருங்கும். காற்றும் பெட்ரோலும் உள்ளே போவது, அழுந்துவது, எரிவது, வெளியேறுவது எல்லாம் அதிலேயே முடிந்துவிடும். மேலும் கீழும் குதிக்கும் பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. சின்ன எஞ்சின், பெரிய சக்தி, அதிர்வு மிகக் குறைவு.

சிக்கல் முக்கோணத்தின் மூன்று முனைகளில். ஒவ்வொரு முனையிலும் ஒரு மெல்லிய சீல், சுவரை உரசிக்கொண்டே ஓட வேண்டும். ஓட விட்டால் அந்த சீல் அதிர்ந்து அதிர்ந்து சுவரைக் கீறியது. மாஸ்டாக்காரர்கள் அந்தக் கீறலுக்கு வைத்த பெயர் 'பேயின் நகக்கீறல்'. மாஸ்டா அருங்காட்சியகத்தில் அப்படிக் கீறுபட்ட ஒரு எஞ்சின் அறையைப் பார்த்தேன். குனிந்து வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் உள்சுவரில் வரிவரியாக, ஈர மணலில் அலை விட்டுப்போன தடம் மாதிரி இருந்தது. கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருக்க வேண்டிய இடம் அது. நானும் லேத்தில் வேலை பார்த்தவன்தான். டூல் அதிர்ந்தால் இதே தடம்தான் விழும். அதனால் அந்த இடத்தை விட்டு நகர எனக்கு மனசு வரவில்லை.

இதைத் தீர்க்க 1963இல் கெனிச்சி யமமோதோ தலைமையில் 47 பேர் கொண்ட பிரிவு ஒன்றை அமைத்தார்கள். எஜமானுக்காகப் பழிவாங்கிய 47 சாமுராய்களின் கதை ஜப்பானில் குழந்தைக்கும் தெரியும், அதனால் இவர்களையும் அப்படியே சொல்வார்கள். சீலின் இயல்பான அதிர்வெண்தான் வினை என்று பிடித்தார்கள். முனைக்குப் பக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாகத் துளை போட்டு அதிர்வை மாற்றிப் பார்த்தார்கள், கீறல் நின்றது. கடைசியில் கார்பனில் அலுமினியம் ஏற்றிய சீல் தயாரிப்புக்குப் போனது. 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. ஜெர்மனியில் அதே வருடம் வந்த என்.எஸ்.யு. ஆர்ஓ80 சீல் கோளாறில் மாட்டி, இலவசமாக எஞ்சின் மாற்றிக் கொடுத்தே அந்த நிறுவனம் தளர்ந்து, 1969இல் வோக்ஸ்வாகன் கைக்குப் போனது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மாஸ்டாவைக் காப்பாற்றிய அந்த எஞ்சின்தான் அதைச் சாகக் கிடக்கவும் வைத்தது. 1973இல் எண்ணெய் நெருக்கடி. ரோட்டரி பெட்ரோலைக் குடிக்கும். அமெரிக்க அரசின் சோதனையிலும் மைலேஜ் மோசமாக வர, அங்கே விற்பனை சரிந்தது. கம்பெனி கடனில் மூழ்கி, சுமிதோமோ வங்கி கைகொடுத்துத் தூக்கியது. ஆலையில் வேலை செய்தவர்களைக் கார் விற்க வெளியூர்களுக்கு அனுப்பினார்கள். என் மேற்பார்வையாளரின் அப்பா அப்படிப் போனவர். எஞ்சின் பூட்டத் தெரிந்த மனிதர், தெரியாத ஊரில் கதவு கதவாகத் தட்டியிருக்கிறார். ஹிரோஷிமாக்காரர்கள் சேர்ந்து 'மாஸ்டாவே வாங்குவோம்' என்று இயக்கம் நடத்தினார்கள். 1975இல்தான் ஊரின் பேஸ்பால் அணியான ஹிரோஷிமா தோயோ கார்ப் முதன்முறை தன் லீகில் பட்டம் வென்றது. அணியின் பெயரிலுள்ள தோயோ, இந்தக் கம்பெனியின் பழைய பெயர். அந்த வருடத்தைப் பற்றிப் பேசும்போது கண் கலங்கும் கிழவர்களைப் பார்த்திருக்கிறேன்.

1979இல் ஃபோர்டு கால் பங்கு வாங்கியது. 1996இல் அது மூன்றில் ஒரு பங்கானது. ஹென்றி வாலஸ் தலைவரானார், ஜப்பானியக் கார் நிறுவனம் ஒன்றுக்கு வெளிநாட்டவர் தலைவரானது அதுதான் முதல்முறை. 2008க்குப் பிறகு ஃபோர்டு கொஞ்சம் கொஞ்சமாக விற்றுவிட்டு வெளியேறியது. இப்போது டொயோட்டாவிடம் சுமார் 5 சதவீதம் இருக்கிறது.

இவ்வளவுக்கு நடுவிலும் ரோட்டரியை மாஸ்டா கைவிடவில்லை. 1991 ஜூனில் பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஆரஞ்சும் பச்சையுமாக 55ஆம் எண் 787பி கார் ஓடியது. நான்கு ரோட்டர், அதாவது நான்கு சுழல் முக்கோணம் கொண்ட எஞ்சின். விதிகள் மாறவிருந்ததால் ரோட்டரிக்கு அது கிட்டத்தட்ட கடைசி வாய்ப்பு. முன்னால் போன மெர்சிடிஸ் கடைசி சில மணி நேரத்தில் எஞ்சின் சூடாகி நின்றது. 55 முன்னேறி, மொத்தம் 362 சுற்று முடித்து வென்றது. லே மானை வென்ற முதல் ஜப்பானிய நிறுவனம். டொயோட்டாவுக்கு அது 2018இல்தான் கிடைத்தது. கடைசியில் ஓட்டிய ஜானி ஹெர்பர்ட் உடம்பில் நீர் வற்றி மயங்கி விழுந்ததால் வெற்றி மேடை ஏறவே முடியவில்லை. 20 வருடம் கழித்து 2011இல் அதே காரை அங்கே ஓட்டிக் காட்டிய பிறகுதான் மேடையில் நின்றார். அந்த எஞ்சின் சத்தத்தை ஒருமுறை கேளுங்கள், கேட்டால்தான் தெரியும்.

சரி, ஜப்பானில் பெயர் எப்படி? ஒரு காலத்தில் நல்ல பெயர் இல்லை. 1990ஐ ஒட்டிய வருடங்களில் ஐந்து தனித்தனி விற்பனைப் பெயர்களில் கடை விரித்து, பொருளாதாரம் சரிந்ததும் மாட்டிக்கொண்டார்கள். காரைத் தள்ளுபடியில் அள்ளிக் கொடுத்தார்கள். அதனால் பழைய மாஸ்டாவுக்கு வெளியே விலை கிடைக்காது. மாஸ்டா கடையில் கொடுத்தால்தான் ஓரளவு தருவார்கள், ஆனால் மறுபடி மாஸ்டாவே வாங்க வேண்டும். இதற்கு 'மாஸ்டா நரகம்' என்றே பெயர் இருந்தது. பழைய மாடல்களில் துரு ஒரு குறை. கடைசி ரோட்டரி ஸ்போர்ட்ஸ் காரான ஆர்எக்ஸ்-8இல் எஞ்சின் அழுத்தம் குறைவது இன்னொன்று. 2024இல் அரசுச் சான்றிதழ் சோதனைகளில் முறைகேடு நடந்ததை நிறுவனமே ஒப்புக்கொண்டது. எனக்கு அது உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

2012 வாக்கில் வந்த ஸ்கைஆக்டிவ் தலைமுறைதான் பெயரை மாற்றியது. மாஸ்டா தன் புது எஞ்சின், உடற்கட்டுத் தொழில்நுட்பங்களுக்கு வைத்த பெயர் அது. எல்லோரும் சின்ன டர்போ எஞ்சினுக்கும் ஹைபிரிடுக்கும் ஓடியபோது, இவர்கள் சாதாரண பெட்ரோல் எஞ்சினின் அழுத்த விகிதத்தை, அதாவது எரியும் முன் கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பதை, 14க்கு உயர்த்திக் காட்டினார்கள். சிவப்புப் பெயிண்ட் ஒன்றுக்காக வருடக்கணக்கில் உழைத்தார்கள். 1989இல் வந்த எம்எக்ஸ்-5, உலகில் மிக அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார், 2016இல் 10 லட்சத்தைத் தொட்டது. குதிரையும் அதன் மேல் இருப்பவனும் ஒன்று என்ற பொருளில் 'ஜின்பா இத்தாய்' என்பார்கள். என் மேற்பார்வையாளரின் பழைய எம்எக்ஸ்-5ஐ மலைப்பாதையில் ஒரே ஒருமுறை ஓட்டினேன். வேகம் அதிகமில்லை, 60ஐத் தாண்டவில்லை. ஆனால் ஸ்டீயரிங்கைத் திருப்ப நினைத்தவுடன் வண்டி திரும்பிவிட்டது போல இருந்தது.

ஏன் பெரிதாகவில்லை என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: வருடத்துக்கு சுமார் 12, 13 லட்சம் கார் விற்கும் கம்பெனி, ஒரு கோடி விற்கும் கம்பெனியின் வேலையைச் செய்யப் பார்த்தால் அழிந்துபோகும். அப்படி முயன்ற 1990களில் கிட்டத்தட்ட அழிந்தும் போனது. ஒன்றையே பிடித்துக்கொண்டு தோண்டும்போதுதான் அது பிழைக்கிறது. ரோட்டரியையும் விடவில்லை. 2023இல் எம்எக்ஸ்-30இல் பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டராக ஒற்றை ரோட்டர் எஞ்சினைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

ஜப்பான் போகிறவர்கள் ஹிரோஷிமா ஸ்டேஷனிலிருந்து இரண்டாவது நிறுத்தமான முகாய்னாடாவில் இறங்குங்கள். மாஸ்டா தலைமையகம் நடக்கும் தூரம்தான். அருங்காட்சியகத்துக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், கட்டணம் கிடையாது. 787பி அங்கே நிற்கிறது. படம் எடுத்து முடித்ததும், அந்தக் கீறல் விழுந்த எஞ்சின் அறையையும் தேடிப் பாருங்கள்.